இரண்டு ரவுட்டரும் ஒரு பீரோவும்

முருகன் துணை

கோத்தகிரி,
திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. மூடுபனி.

என் மனைவியுடன் கூடப்பிறந்த ஒரே தம்பியும், கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்து நாலு பேர் மதிக்க இருப்பவனுமாகிய மைத்துனன் விஜயபாஸ்கருக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் கந்தப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அக்காள் சுலோச்சனா, மகள் மஞ்சு மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் அக்காளுக்கு மட்டும் ஜலதோஷம். அதற்குக் காரணம் நான்தான் என்று அவள் சொல்கிறாள், அது பற்றிக் கீழே வரும். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோயமுத்தூரில் வெயில் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். இங்கே அந்தப் பிரச்சனை இல்லை.

நிற்க. நீ அனுப்பிய இரண்டு ரவுட்டர்களும் பார்சலில் உடையாமல் வந்து சேர்ந்தன. அவை சரியாக வேலை செய்யாத காரணத்தால், வேலை செய்யவில்லை என்ற தகவலை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாமல் தபாலில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் போன் எடுக்கிற இடம் ஒன்றே ஒன்று, அது கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் மைல்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நின்று கத்தினால் போகிற வருகிற பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். மேலும் உன் அக்காளைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைக் காகிதத்தில் எழுதுவதுதான் எனக்குப் பாதுகாப்பு.

விஷயம் பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். முப்பத்து நாலு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் தூள் பதம் பார்க்கிற டீ மேக்கராக இருந்தவன் நான், எனக்கு வரிசை தப்பக் கூடாது. மஞ்சு கொரோனா காலத்திலிருந்து வீட்டில் உட்கார்ந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள் அல்லவா, இப்போது அந்தக் கம்பெனியில் எல்லோரையும் திரும்ப ஆபீசுக்கு வா என்கிறார்கள். வீட்டில் நெட் ஒழுங்காக இருக்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு. வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் ஒரு மணி நேரம் சோதித்துப் பார்ப்பார்கள். அறுபடாமல் ஓடினால் மஞ்சு இங்கேயே இருக்கலாம். அறுந்தால் ஒண்ணாம் தேதி முதல் பெங்களூர். எங்கள் ஃபேக்டரி பூட்டி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்குக் கீழே இருக்கிற முக்கால் ஏக்கரில் இலை விற்கிற விலை பறிக்கிற கூலிக்கே காணாததால் பறிப்பதை நிறுத்தி, செடியெல்லாம் என் தோள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. இந்த வீட்டில் இப்போது நேரத்துக்கு நடக்கிற காரியம் மஞ்சுவின் வேலை ஒன்றுதான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அவள் இங்கே இருக்க வேண்டும். மூன்று மாடி வீட்டில் நானும் உன் அக்காளும் மட்டும் என்றால், ஆளுக்கு ஒரு மாடி போக ஒரு மாடி மிச்சமாகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவேதான் உன்னிடம் ரவுட்டர் கேட்டேன். நீயும் உடனே அனுப்பினாய், பெட்டிகளின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ஒன்றில் ‘கிரவுண்ட் ஃப்ளோர்’ என்றும் இன்னொன்றில் ‘மாடி’ என்றும் எழுதியும் அனுப்பினாய். நல்ல எண்ணத்தில்தான் எழுதினாய். ஆனால் நீ இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. மலைச் சரிவில் கட்டிய வீட்டுக்கு ரோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாசல். நம் வீட்டுக்கு ரோடு உச்சியில். வாசலில் நுழைந்தால் ஹாலும் சமையலறையும். அங்கிருந்து படி இறங்கினால் நடு வீடு, அதில் படுக்கையறைகள், துணி பீரோ. இன்னும் இறங்கினால் கீழ் வீடு, அதில் ஒரே அறை, மஞ்சுவின் மேசை, ஜன்னலைத் திறந்தால் தேயிலை. தபால்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், நான், எங்கள் எல்லோருக்கும் கிரவுண்ட் ஃப்ளோர் என்பது ஹால்தான். எனவே முதல் ரவுட்டரை ஹாலில் வைத்தோம். ‘மாடி’ ரவுட்டரை வைக்க ஹாலுக்கு மேலே போய்ப் பார்த்தால் தகரக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன. கம்ப்யூட்டர் கடைக்காரன் எழுதியிருக்கிறான், காரணமில்லாமல் எழுதுவானா என்று நினைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் கம்பியில் வைத்துக் கட்டச் சொன்னேன். லைன் இழுக்க வந்தவர் பெயர் கொர்னேலியஸ், ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலிக்காரர். ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டு, “சார், இதுவரைக்கும் நானூறு வீட்டுக்கு மாட்டியிருக்கேன், ஒருத்தர்கூட தொட்டிகிட்ட வைக்கச் சொன்னதில்ல” என்றார். “அவங்களுக்கெல்லாம் கோயமுத்தூர்ல மச்சான் இருந்திருக்க மாட்டான்” என்றேன். அவர் கட்டிவிட்டு இறங்கினார்.

பனியில் நனையக் கூடாதே என்று அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையைப் போர்த்தி வைத்தேன். அது கதகதப்பாக இருக்கும் பொருள் என்பதைக் குரங்குகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டன. மறுநாள் காலையில் ஒரு தாய்க் குரங்கு பையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ரவுட்டர் மேல் உட்கார்ந்திருந்தது. ரவுட்டரின் இரண்டு ஆன்டெனாக் கொம்பில் ஒன்றைக் குட்டி வாயில் வைத்திருந்தது. அந்த நிலையிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உன் சரக்கில் குறை இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். கொர்னேலியசை மறுபடி வரவழைத்து, அதை இறக்கி, துடைத்து, நடு வீட்டுக்குக் கொண்டுபோனோம். கீழ் வீட்டில் மஞ்சுவின் மேசைக்கே கொண்டுபோயிருக்கலாம், ஆனால் ஹாலிலிருந்து வருகிற ஒயர் நடு வீட்டு பீரோவுக்குப் பக்கத்திலேயே தீர்ந்துபோயிற்று. அதற்கு மேல் இழுத்தால் ஹாலில் இருக்கிற ரவுட்டர் படியில் இறங்கி வருகிறது. சரி, இங்கேயே இருக்கட்டும், படிக்கட்டு வழியாக நெட் தானாக இறங்கிவிடும் என்று கொர்னேலியஸ் சொன்னார். இரண்டு ரவுட்டருக்கும் பெயர் வைக்கச் சொன்னார். ஃபேக்டரியில் தூளுக்கு வைக்கிற தரப் பெயரையே வைத்தேன், மேலே இருப்பதற்கு பி.ஓ.பி., நடுவில் இருப்பதற்கு டஸ்ட். மறுநாள் மஞ்சு தன் திரையைக் கம்பெனிக்குக் காட்டியபோது ‘டஸ்ட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்த அவளுடைய மேலதிகாரி, வீட்டில் தூசி அதிகமா, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அக்கறையாக விசாரித்தாராம். நல்ல மனிதராகத் தெரிகிறார்.

இவ்வளவு செய்தும் நெட் கீழே இறங்குவதாக இல்லை. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. இதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இலையை வாட்டப் போடும்போதும் இதே கதைதான் மச்சான், காற்றில் ஈரம் கூடினால் எதுவுமே நகராது. ஃபேக்டரி பூட்டியபோது நான் கொண்டுவந்த இரட்டைத் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது, ஒன்றில் ஈரத் துணி சுற்றியிருக்கும், ஒன்று சும்மா இருக்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்றின் ஈரத்தைக் காட்டும். அதைப் படிக்கட்டில் மாட்டி, ஒரு ரிஜிஸ்டர் போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஈரம் இவ்வளவு, நெட் இத்தனை கோடு என்று பத்து நாளாக எழுதி வருகிறேன். கொர்னேலியஸ் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், எழுத்து அழகா இருக்குது, ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றார். அவர் லைன்காரர், அவருக்குக் காற்றைப் பற்றித் தெரிய நியாயமில்லை. வாட்டுகிற தொட்டியில் கீழிருந்து மின்விசிறி வைத்துத்தான் காற்றைத் தள்ளுவோம். இங்கே மேலிருந்து கீழே தள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று டேபிள் ஃபேனைப் படிக்கட்டு உச்சியில் வைத்துக் கீழே பார்க்கத் திருப்பிவிட்டேன். அன்றைக்கு மஞ்சுவுக்கு மூன்று மணி நேரம் நெட் அறுபடவில்லை. ஃபேன் அன்றிலிருந்து ஓடுகிறது. உன் அக்காளின் கட்டில் அந்தக் காற்றின் வழியில் இருப்பது என் குற்றமா, நீயே சொல்லு. கட்டிலைத் தள்ளிப் போடலாம் என்றால் அவளுக்குத் தலை கிழக்கே இருக்க வேண்டுமாம்.

அப்புறம் காட்டெருமை. அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ரோட்டோரக் கம்பத்தில் முதுகைத் தேய்த்தது, கம்பம் சாய்ந்தது, மூன்று நாள் நெட் இல்லை. நாலாம் நாள் லைன் சரியான பிறகு அதே காட்டெருமை கீழே தேயிலைக்குள் வந்து மஞ்சுவின் ஜன்னலுக்கு வெளியே நின்றது. கம்பெனியில் பதினெட்டுப் பேர் அதை வீடியோவில் பார்த்துவிட்டு, மீட்டிங்கை நிறுத்தி, கேமராவை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பச் சொன்னார்கள். அன்றைக்கு நெட் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மாட்டுக்கு வருகிற நெட் மனுஷனுக்கு வர மாட்டேன் என்கிறது.

இப்போது உன் அக்காளுக்கு வருகிறேன். இந்த ஊரில் துணி பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சூடு இல்லாவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் பட்டுப் புடவையில் பூஞ்சை ஏறிவிடும். சுலோச்சனா கல்யாணமாகி வந்த வருஷம் முதல் அந்த பீரோவில் பல்பு அணைந்ததில்லை. போன வாரம் புதன்கிழமை காலை மஞ்சு கீழேயிருந்து, “அப்பா, நெட் போயிருச்சுங்கப்பா” என்றாள். நான் போய் ஃபேனைப் பார்த்தேன், ஓடுகிறது. தெர்மாமீட்டரைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ரவுட்டரைப் பார்த்தேன், அதைக் காணோம். ஒயர் மட்டும் சுவரோரமாகப் போய் பீரோ கதவு இடுக்குக்குள் நுழைகிறது. திறந்தால், உன் அக்காளின் கல்யாணப் பட்டுக்கும் என் கோட்டுக்கும் நடுவில் ரவுட்டர் கண் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. “என்ன இது” என்று கேட்டேன். “ஏனுங்க, குண்டு பல்பு போயிருச்சுங்க. கடையில கேட்டா எல்.ஈ.டி. பல்புதான் குடுக்கறாங்க, அதுல வெளிச்சம் வருது, சூடு வரலீங்க. பூஞ்சைக்கு வெளிச்சத்தைக் காட்டி என்னுங்க பண்றது? இந்தப் பொட்டி நல்லா கதகதன்னு இருக்குது. கொரங்குக்கே தெரிஞ்சிருக்குதுங்க” என்றாள். கொர்னேலியஸ் வந்தவர், “அம்மா, இரும்பு பீரோவுக்குள்ள வெச்சா ஜெயில்ல வெச்ச மாதிரி, நெட்டு வெளிய வராது” என்று பொறுமையாக விளக்கினார். சரிங்க சரிங்க என்று காபி கொடுத்து அனுப்பினாள். வியாழக்கிழமை காலை மறுபடி பீரோவுக்குள். வெள்ளி, சனி, அதேதான். நான் வெளியே எடுத்து வைப்பேன், காலை பத்தே முக்கால் ஆனால் அது உள்ளே போய்விடும். ரிஜிஸ்டரில் பார், நாலு நாளும் அதே நேரத்தில் நெட் அறுந்திருக்கிறது. முப்பது வருஷமாக ஒரு தடவை சொன்னதை மறக்காதவள், இந்த ஒரு விஷயத்தை மட்டும் தினமும் மறக்கிறாள். ஜலதோஷம் தலைக்கு ஏறியிருக்கலாம்.

மஞ்சுவைத்தான் பாராட்ட வேண்டும். இத்தனை தடவை அறுந்தும் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. “பரவாயில்லீங்கப்பா” என்று போனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே சிக்னல் நன்றாக வருமாம். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறாள். என்னைப் போலப் பொறுமை.

ஆகையால் மச்சான், நீ எப்படியாவது கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு வியாழக்கிழமைக்குள் வந்து சேர். மூன்றாவது ரவுட்டர் ஒன்றும் முப்பது மீட்டர் ஒயரும் கொண்டு வா, கீழ் வீட்டு மேசைக்கே கொண்டுபோய் வைத்துவிடுவோம், உன் அக்காளின் கைக்கு எட்டாது. வந்ததும் தம்பி என்கிற முறையில் பீரோவைப் பற்றி அவளிடம் நீ பேச வேண்டும், நான் பேசினால் சாப்பாட்டில் உப்பு மாறுகிறது. அப்புறம் பொழுது போகிற பேச்சுப் போல மஞ்சுவிடம் பெங்களூரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லு. நல்ல வார்த்தையாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் கஷ்டம், வாடகை, ரோட்டில் வண்டி நகராதது, உனக்குத் தோன்றியதைச் சொல்லு.

உன் வியாபாரம் மேன்மேலும் பெருகவும், குழந்தைகள் படிப்பில் நன்றாக வரவும், உன் மனைவியின் இடுப்பு வலி இருந்த இடம் தெரியாமல் போகவும் முருகன் அருள வேண்டும் என்று மூத்தவன் என்ற முறையில் வாழ்த்துகிறேன். பெரியவர்களுக்கு என் கும்பிடும் சின்னவர்களுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
உன் அக்காள் வீட்டுக்காரன்,
மு. கந்தப்பன்,
டீ மேக்கர் (ஃபேக்டரி பூட்டியது வரை).

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, மத்தியானம். நல்ல வெயில்.

மேலே வியாழக்கிழமைக்குள் வா என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நீ பதற வேண்டாம். வியாழக்கிழமை நேற்று போய்விட்டது. திங்கட்கிழமை இதை எழுதி மடித்து, தபால் கவர் எடுக்க பீரோவைத் திறந்தேன். கவர் பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கும். கையை விட்டேன், சுட்டது. புடவைகளுக்குப் பின்னால் பழைய குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. ரவுட்டரை நான் வெளியே எடுத்து வைத்ததும் புடவை கெட்டுவிடக் கூடாதே என்று மறுபடி மாட்டியிருக்கிறாள். பக்கத்தில் அட்டைப் பெட்டியோடு இன்னும் நாலு குண்டு பல்பு, புத்தம் புதுசு.

அந்த நேரம் பார்த்து உன் அக்காள் சுக்குக் காபியோடு வந்தாள். “பல்பு எரியுதே” என்றேன். காபியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். “ஆமாங்க, எரியுதுங்க” என்றாள். “அப்புறம் எதுக்கு ரவுட்டரை உள்ள வெச்சே?” என்று கேட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். “போன மாசம் மருந்து வாங்கப் போனப்போ பஸ் ஸ்டாண்டுல பாத்தனுங்க. உங்க மக போன்ல பெங்களூர்ல ரூம் பாத்துட்டு நின்னா. ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு சிரிச்சுட்டிருந்தா. அவ அப்பிடிச் சிரிச்சுப் பாத்து எத்தனை நாளாச்சுங்க? என்னையப் பாத்ததும் போனை மூடிட்டா.” நான் சொன்னேன், “போகோணும்னா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே, நான் என்ன வேண்டாம்னா சொல்லுவேன்?” “வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க. சரி கண்ணுன்னு சொல்லிப்போட்டு, ஃபேக்டரி பூட்டின அன்னிக்கு அந்த கேட்டு முன்னால நின்னீங்க பாருங்க, அப்பிடி நிப்பீங்க. அதைப் பாத்துட்டு அவ பஸ் ஏறுவாளுங்களா? நெட்டு இல்லாம போச்சுன்னா யாரு மேலயும் குத்தமில்லையேன்னுதான் வெச்சனுங்க” என்றாள். ஜலதோஷம் தலைக்கு ஏறவில்லை மச்சான், மேலே நான் எழுதியதை அடித்துவிடு.

எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. உன் அக்காள் மேல் வந்தது, மஞ்சு மேல் வந்தது, ரிஜிஸ்டரை எடுத்துப் பரண் மேல் போட்டேன். செவ்வாய்க்கிழமை கீழ் வீட்டுக்கு இறங்கிப் போய் மஞ்சுவிடம் நேராகவே கேட்டேன். “நெட் வந்தா இங்கயே இருந்துக்குவியா கண்ணு?” “இருந்துக்கறேனுங்கப்பா.” “வராட்டி?” “வராட்டி போகோணும், வேற என்னுங்கப்பா பண்றது” என்றாள். முதல் பதிலை மேசையைப் பார்த்துச் சொன்னாள். இரண்டாவதைச் சொல்லும்போது அவளை அறியாமல் தலை நிமிர்ந்தது. தூள் பதமாகிவிட்டதா என்று முப்பத்து நாலு வருஷம் மோந்து பார்த்தே சொன்னவன் நான். இதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை. படியேறி வந்துவிட்டேன். மூச்சு வாங்கியது, படியால்தான்.

நேற்று கொர்னேலியஸ், நாம் கேட்காமலே, பாவம், மஞ்சுவுக்கு நாளைக்கு டெஸ்ட் ஆச்சே என்று வந்து நடு வீட்டு ரவுட்டரைப் படிக்கட்டு முகப்பில் ஆணியடித்து மாட்டி, ஏதோ இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், மூன்று மாடியிலும் நெட் நிற்காமல் ஓடுகிறது. ஃபேனை நிறுத்தியும் ஓடுகிறது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை.

இன்று காலை பதினொரு மணிக்கு டெஸ்ட் ஆரம்பித்தது. நான் நடு வீட்டில் நின்றேன். கீழே கம்பெனிக்காரர் இங்கிலீஷில் நெட் பிரமாதமாக இருக்கிறது என்கிறார். “தேங்க் யூ சார்” என்று மஞ்சு சொன்ன குரல், எனக்குப் பிடிக்காத மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு நல்ல பையன்தான் என்று நான் சொல்வதைப் போல இருந்தது. பத்து நிமிஷம் பொறுத்தேன். அப்புறம் ரவுட்டரை ஆணியிலிருந்து கழற்றி, பீரோவைத் திறந்து, உன் அக்காளின் கல்யாணப் பட்டுக்கு மேலே வைத்து, கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உன் அக்காள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் செய்த ஒரு காரியத்துக்கு அவள் குறை சொல்லவில்லை.

கீழே, “ஹலோ, ஹலோ சார், கேன் யூ ஹியர் மீ” என்று மூன்று தடவை கேட்டது. அப்புறம் மஞ்சு மேலே ஏறி வந்தாள். “அப்பா, கட் ஆயிருச்சுங்கப்பா.”

“மூடுபனி, கண்ணு” என்றேன்.

ஜன்னல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர் மலையில் காயப்போட்டிருக்கிற துணி என்ன நிறம் என்றுகூடச் சொல்லலாம். அவள் ஜன்னலைப் பார்த்தாள். காலியாக இருந்த ஆணியைப் பார்த்தாள். ஒயர் பீரோ கதவுக்குள் போவதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“ஆமாங்கப்பா” என்றாள், “எதிர்ல ஒண்ணுமே தெரியல.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என் கண்ணைப் பற்றி எழுத வேண்டியதில்லை, நான் பெரியவன்.

ஆகவே நீ ரவுட்டரும் ஒயரும் கொண்டுவர வேண்டாம். அதற்குப் பதிலாக வரும் இருபத்தெட்டாம் தேதி மேலே கேரியர் வைத்த காரோடு வா, மஞ்சுவுக்குச் சாமான் இருக்கிறது, அவளைப் பெங்களூரில் கொண்டுபோய் விட வேண்டும். பெங்களூரைப் பற்றி மேலே சொல்லச் சொன்ன நாலு வார்த்தையைச் சொல்லாதே. பார்க் இருக்கிறது, மரம் இருக்கிறது, அதைச் சொல்லு. ஜன்னல் கிழக்குப் பக்கமாம், நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் அக்காளிடம் பேச வேண்டியதும் ஒன்றுமில்லை, ஜலதோஷத்துக்கு மருந்து மட்டும் வாங்கி வா.

மஞ்சு போன பிறகு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். “அப்ப மட்டும் மூடுபனி இருக்கக் கூடாதுங்கப்பா” என்றாள். அதனால் ரவுட்டரை பீரோவிலிருந்து எடுத்துப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டேன். எங்கே உட்கார்ந்து பேசினால் நன்றாக வரும் என்று நானும் உன் அக்காளும் இப்போது ஒவ்வொரு மாடியாக போனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். கீழ் வீட்டில், அவள் மேசையில்தான், எல்லாக் கோடும் முழுசாக வருகிறது.